பர்மிட் ஒருவருடையது, குதிரை இன்னொருவருடையது: ஸ்லாட் பந்தயத்தில் இடம் எடுப்பது எப்படி?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பந்தயத்தில் சேர்வது ஒரு பெரிய சிக்கலாகத் தோன்றியிருக்காது. காளைச் சோடியை ஓட்டிக்கொண்டு போய், வயது அறியக் காளைகளின் பல்லைக் காட்டி, நுழைவுக் கட்டணம் கட்டி, டோக்கன் வாங்கினால் வேலை முடிந்தது. பல் குறைந்த காளைகளுக்கு 200 மீட்டர், முதிர்ந்தவற்றுக்கு 300 மீட்டர் என்று தடத்தை அளந்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு நொடிக் கணக்கில் நேரம் பார்ப்பதால், எத்தனை சோடி வந்தாலும் தடம் தாங்கும். பொழுது சாய்வது ஒன்றுதான் எல்லை.

எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் புறப்படும் பந்தயம் அப்படிப்பட்டது அல்ல. நம் பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயங்களில் சாலையின் அகலம் எப்படி எல்லை வகுக்கிறதோ, அப்படியே வெளிநாட்டு வண்டிக்குதிரைப் பந்தயங்களில் தொடக்க வரிசையின் அகலம் எல்லை வகுக்கிறது. அங்கே ஒரு மோட்டார் வண்டி இரு புறமும் சிறகு போன்ற தடுப்புகளை விரித்தபடி முன்னால் செல்ல, குதிரைகள் அதன் பின்னே வரிசை கட்டி வேகம் பிடிக்கும். தொடக்கக் கோடு வந்ததும் மோட்டார் வண்டி விரைந்து விலகிக்கொள்ளும். அந்தச் சிறகுகளுக்குப் பின்னே நிற்கக்கூடிய குதிரைகளின் எண்ணிக்கை சொற்பம் என்பதால், பரிசுத் தொகை பெருகப் பெருக, குதிரையைவிட நிற்கும் இடத்துக்கே விலை ஏறிவிடுகிறது. அந்த இடத்தைத் தனியாக விற்பதுதான் ஸ்லாட் முறை.

நம் ஊரில் இதை விளங்கிக்கொள்ள ரூட் பஸ்ஸை நினைத்தாலே போதும். வண்டிக்கு ஒரு விலை உண்டு. அந்தத் தடத்தில் ஓட்டுவதற்கான பர்மிட்டுக்கு வேறொரு மதிப்பு உண்டு. ஓட்டை வண்டியானாலும் நல்ல தடத்துப் பர்மிட் கையில் இருப்பவருக்கு மரியாதை இருக்கும்; பர்மிட் இல்லாதவர் புத்தம்புது வண்டியைக் கூரைக்கடியில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்லாட் பந்தயத்தில் இடத்துக்காரர் பர்மிட்காரர், குதிரைக்காரர் வண்டிக்காரர். இருவரும் ஒருவராகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஆகவே இந்த முறையில் இடம் எடுக்க நினைப்பவர் கற்க வேண்டியது குதிரை நடையைவிட ஒப்பந்தத்தைத்தான் என்பது என் கருத்து. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை பார்த்துப் பழகியவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மறுப்பது கடினம்.

முதலில், எந்த வகை நுழைவு என்று பிரித்தறியுங்கள்

பெரிய வண்டிக்குதிரைப் பந்தயங்கள் எல்லாமே ஸ்லாட் முறையில் நடப்பவை அல்ல. அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய ஹாம்பிள்டோனியன் பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கு உரியது. ஆனால் குதிரை ஒரு வயதுக் குட்டியாக இருக்கும்போதே அதன் பெயரைப் பதிந்து, பிறகு தவணை தவணையாகப் பணம் கட்டிவர வேண்டும். பிறந்த குழந்தையின் பெயரில் கல்யாணச் சீட்டுப் போடுவதைப் போன்றது இது: இடையில் கட்டாமல் விட்டால் உரிமை போய்விடும். பாரிசின் வான்சென் திடலில் 1920 முதல் நடக்கும் பிரி தமெரிக் வேறு வழியைப் பின்பற்றுகிறது. 2700 மீட்டர் தொலைவு, 18 குதிரைகள். தகுதிப் பந்தயங்களில் வென்றவற்றுக்கு இடம் உறுதி, எஞ்சிய இடங்கள் அதுவரை ஈட்டிய பரிசுத் தொகையின் வரிசையில் நிரப்பப்படும். சுவீடனின் சொல்வாலா திடலில் 1952 முதல் நடக்கும் எலிட்லோப்பெட் அழைப்பின் பேரில் நடப்பது. அழைக்கப்பட்ட 16 குதிரைகள் எட்டு எட்டாக இரண்டு சுற்றில் ஓடி, ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் பிடித்தவை அன்றைய தினமே இறுதிச் சுற்றில் மோதும்.

இந்த மூன்றிலும் உரிமை குதிரையோடு ஒட்டியிருக்கிறது. குதிரை தகுதி பெறுகிறது, அல்லது குதிரைக்காகப் பணம் கட்டப்படுகிறது, அல்லது குதிரை அழைக்கப்படுகிறது. ஸ்லாட் முறையில் மட்டுமே உரிமை குதிரையை விட்டுப் பிரிந்து ஒரு மனிதரிடமோ நிறுவனத்திடமோ போய்ச் சேர்கிறது.

இந்த முறை குதிரைமேல் ஏறி ஓட்டும் பந்தயங்களிலிருந்து வண்டிக்குதிரைப் பந்தயத்துக்கு வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க் திடலில் நடந்த பெகாசஸ் உலகக் கோப்பைக்கு 12 இடங்கள் தலா 10 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டன. பரிசுத் தொகையும் அதே ஒரு கோடியே இருபது லட்சம் டாலர். அதே ஆண்டு சிட்னியின் ராண்ட்விக் திடலில் எவரெஸ்ட் பந்தயம் தொடங்கியது. அங்கும் 12 இடங்கள். ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அப்படித் திரண்ட 72 லட்சத்தோடு ஒப்பிட, அவ்வாண்டின் பரிசுத் தொகை ஒரு கோடி. வண்டிக்குதிரைகளுக்கென நியூசிலாந்தின் கேம்பிரிட்ஜ் திடல் 2022 ஏப்ரலில் 10 இடங்களும் 9 லட்சம் நியூசிலாந்து டாலர் பரிசும் கொண்ட ஸ்லாட் பந்தயத்தை நடத்தியது. செல்ஃப் அஷ்யூர்டு என்னும் குதிரை வென்றது. 2023 செப்டம்பரில் சிட்னிக்கு அருகிலுள்ள மெனாங்கிள் திடலில் யுரேகா பந்தயம் தொடங்கியது. அதிலும் 10 இடங்கள், பரிசு 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூன்று, நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். முதல் ஆண்டில் வென்றது என்சைஃபர் என்னும் பெட்டைக் குதிரை.

கடைசியாகச் சொன்ன வயது விதியை வெறும் தகவலாகக் கடந்துவிடாதீர்கள். இடத்தைப் பல ஆண்டுகளுக்கு எடுத்தவர் வயது வரம்புள்ள பந்தயத்தில் ஒரே குதிரையை நம்பியிருக்க முடியாது. இந்த ஆண்டு ஓடிய நான்கு வயதுக் குதிரை அடுத்த ஆண்டு தகுதி இழந்துவிடும். ஆண்டுதோறும் புதிதாகத் தேட வேண்டும், புதிதாகப் பேச வேண்டும் என்பதை இடம் எடுக்கும்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

விளங்குவதற்காக நம் ரூபாயில் ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 10 இடங்கள், ஓர் இடத்துக்கு 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரள்வது 60 லட்சம். விழாக் குழுவும் விளம்பரதாரர்களும் சேர்ந்து 40 லட்சம் போட்டால் பரிசுத் தொகை ஒரு கோடி. முதல் பரிசு 50 லட்சம், இரண்டாவது 18 லட்சம், மூன்றாவது 10 லட்சம், நான்காவது 6 லட்சம், ஐந்தாவது 4 லட்சம், எஞ்சிய ஐந்து வண்டிகளுக்கும் தலா 2 லட்சத்து 40 ஆயிரம்.

பத்துக் குதிரைகளும் சமபலம் என்று வைத்தால், ஓர் இடத்துக்குச் சராசரியாக வருவது 10 லட்சம். கட்டியது 6 லட்சம்தானே, இலாபம்தான் என்று தோன்றும். ஆனால் பரிசில் பழக்குபவருக்கும் சாரதிக்கும் ஒரு பங்கு போகும். அதை நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது எட்டரை லட்சம். இதைக் குதிரைக்காரரும் இடத்துக்காரரும் சரிபாதியாகப் பிரித்தால் இடத்துக்காரரின் கையில் நிற்பது 4 லட்சத்து 25 ஆயிரம். கட்டிய ஆறு வரவில்லை. சராசரியில் போட்ட பணமாவது திரும்ப வேண்டுமென்றால் அவர் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு கேட்டாக வேண்டும். நல்ல குதிரை வைத்திருப்பவர் அதற்கு ஒருபோதும் ஒப்ப மாட்டார்.

இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். சரிபாதி ஒப்பந்தத்தில் இரண்டாம் பரிசான 18 லட்சத்தில் இடத்துக்காரருக்கு 7 லட்சத்து 65 ஆயிரம் வரும்; கட்டியது தேறிவிடும். மூன்றாம் பரிசில் வருவது 4 லட்சத்து 25 ஆயிரம்; தேறாது. அதாவது பத்து இடத்துக்காரர்களில் இரண்டு பேர் இலாபத்தோடும் எட்டுப் பேர் நட்டத்தோடும் வீடு திரும்புவார்கள். இது யாருடைய தவறும் அல்ல, அமைப்பே அப்படித்தான்.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? வெளிநாடுகளில் இடம் எடுப்போரில் பொலிகுதிரைப் பண்ணைகள், பந்தய நிறுவனங்கள், குதிரை ஓட்டச் சங்கங்கள், செல்வந்தர்கள் கூடிய குழுக்கள் எனப் பலர் உண்டு. யார் எந்தக் குதிரையைப் பிடிக்கப்போகிறார் என்ற பேச்சு பல மாதங்கள் செய்தியாக ஓடுவதால், அவர்களுக்குப் பெயர் பரவுவதே ஒரு வருமானம். நம் ஊர்த் திருவிழாவில் நூற்பாலைக்காரரோ ரிக் வண்டி முதலாளியோ தங்கக்காசுப் பரிசு கொடுப்பதும் ஏறத்தாழ இதே நோக்கம்தான். பெயரால் பயன் இல்லாதவர், வெறும் பரிசை நம்பி முழு இடத்தையும் தனியாக எடுப்பது எனக்கு உவப்பான யோசனை அல்ல. நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்தால் நட்டம் சிதறும். சண்டைக்கும் அத்தனை வாய் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

குதிரையைப் பிடிப்பது

இடம் கிடைத்ததும் உடனே குதிரையைத் தேடி ஓட வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா என்பதில் இரு தரப்பு உண்டு. முன்கூட்டியே பேசினால் விரும்பிய குதிரை கிடைக்கும், ஆனால் பந்தயத்துக்குள் குதிரை நொண்டிவிடலாம். கடைசிவரை பொறுத்தால் எந்தக் குதிரை நல்ல ஓட்டத்தில் இருக்கிறது என்று தெரியும், ஆனால் அதற்குள் மற்ற ஒன்பது பேரும் அதன் வாசலில் நிற்பார்கள். மாட்டுத் தாவணியில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இந்தப் பொறுமை விளையாட்டில் கைதேர்ந்தவர்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் பேசுவதால்தான் பேரம் பேரமாக இருக்கிறது. ஸ்லாட் பேரமும் பெரும்பாலும் மூடிய துண்டுக்குள்தான் நடக்கிறது. இன்ன குதிரை இன்னார் இடத்தில் ஓடுகிறது என்று அறிவிப்பார்கள். என்ன பங்குக்கு என்பது வெளியே வராது.

பேரத்தில் யாருக்கு வலு என்பது காலத்தோடு மாறும். இடங்கள் பல காலியாக இருக்கும்போது குதிரைக்காரர் பெரியவர். எட்டு இடங்கள் நிரம்பி, இரண்டே இடங்கள் எஞ்சி, ஓரளவு தரமான குதிரைகள் ஆறேழு வெளியே நிற்கும்போது இடத்துக்காரர் பெரியவர். ஆகவே முதல் தரக் குதிரை வேண்டுவோர் சீக்கிரம் பேசுவதும், அடுத்த தரமே போதும் என்போர் பொறுத்துப் பேசுவதும் பொருந்தும்.

பேசும்போது இடத்துக்காரர்கள் பலர் மறந்துவிடும் வாதம் ஒன்று உண்டு. பந்தயத்தில் வென்றால் குதிரையின் மதிப்பு ஏறும். ஆண் குதிரையானால் பொலிக்கு விடும் கட்டணம் ஏறும், பெட்டையானால் அதன் குட்டிகளின் விலை ஏறும். இந்த ஏற்றம் முழுவதும் குதிரைக்காரருக்கே போகிறது. இடத்துக்காரருக்கு ஒரு காசும் இல்லை. காங்கேயம் காளை பந்தயத்தில் பெயர் எடுத்தால் பிறகு அதற்கு என்ன விலை சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே ‘குதிரை என்னுடையது, பெரும் பங்கு எனக்கே’ என்று குதிரைக்காரர் சொன்னால், பரிசுக்கு வெளியே அவருக்குக் கிடைக்கப்போவதை எடுத்துக்காட்டி மறுபேச்சுப் பேசலாம்.

ஒப்பந்தம்

கோழிப்பண்ணை ஒப்பந்தத்தில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை என்று பல்லடம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோழி செத்தால் யார் கணக்கு என்று கேட்டால்தான் குரல் உயரும். குதிரை ஒப்பந்தத்திலும் வாய்ப்பேச்சில் விட்டுப்போவது இதே இடம்தான்.

பங்கை இரண்டு விதமாகப் பேசலாம். ஒன்று நேர் பங்கு: வருவது எதுவானாலும் இத்தனைக்கு இத்தனை. மற்றொன்று, முதலில் இடப்பணத்தை எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் பிரிப்பது. முந்தைய கணக்கிலேயே பாருங்கள்: முதல் பரிசில் பழக்குபவர், சாரதி பங்கு போக 42 லட்சத்து 50 ஆயிரம் நிற்கும். சரிபாதியானால் இடத்துக்காரருக்கு 21 லட்சத்து 25 ஆயிரம். இடப்பணம் ஆறை முதலில் எடுத்துவிட்டு, எஞ்சிய 36 லட்சத்து 50 ஆயிரத்தில் நூற்றுக்கு முப்பது என்றால் அவருக்கு மொத்தம் 16 லட்சத்து 95 ஆயிரம். வென்றால் குறைவுதான், ஆனால் மூன்றாவதாக வந்தால் 6 லட்சத்து 75 ஆயிரம் கிடைத்துக் கட்டியது தேறிவிடும். வெற்றியில் சிறிது விட்டுக்கொடுத்துத் தோல்வியில் தற்காத்துக்கொள்ளும் இந்த இரண்டாம் வகையே புதிதாக வருபவருக்கு ஏற்றது என்பேன்.

பங்கு தவிர எழுத்தில் இருக்க வேண்டியவை சில. குதிரையின் பயணச் செலவும் தீவனமும் யாருடையவை? சாரதியைத் தேர்ந்தெடுப்பவர் யார்? வண்டியிலும் சாரதி உடையிலும் யார் பெயர், யார் நிறம்? பந்தயத்துக்கு முன் வேறு பந்தயங்களில் குதிரையை ஓட்டலாமா? கோப்பை யார் வீட்டில் இருக்கும்? கடைசிக் கேள்வியைப் படித்துச் சிரிக்காதீர்கள். பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரில், ஒருவர் வாங்கிய டோக்கனில் இன்னொருவரின் குதிரை வண்டி ஓடிப் பரிசு வென்ற பிறகு, பரிசுப் பணத்தை அரை மணி நேரத்தில் பிரித்துக்கொண்ட இருவரும் கோப்பைக்காக மாலைவரை வழக்காடியதை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன். பணத்தைப் பிரிக்கலாம், கோப்பையை எப்படிப் பிரிப்பது என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். இருவரிடமும் பதில் இல்லை.

குதிரை ஓட முடியாமல் போனால் என்ன என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன் குதிரைக்குக் காயம்பட்டால் இடத்துக்காரர் வேறு குதிரைக்குப் போகலாம். ஏற்கெனவே கொடுத்த அச்சாரம் திரும்புமா என்பதை எழுத வேண்டும். கடைசி நாளுக்குப் பிறகு பட்டால் என்ன செய்வது என்பதைப் பந்தயத்தின் விதியே தீர்மானிக்கும். சில பந்தயங்களில் மாற்றுக் குதிரைகள் வரிசையில் காத்திருக்கும்; அந்த மாற்றுக் குதிரை உங்கள் இடத்தில் ஓடினால் பரிசு யாருக்கு என்று விதிநூலைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். கால்நடை மருத்துவர் பரிசோதித்துத் தகுதியில்லை என்று சொல்வதையும், ஊக்கமருந்துச் சோதனையில் குதிரை பிடிபட்டு வென்ற பரிசு பறிக்கப்படுவதையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். முன்னது தலைவிதி, பின்னது குதிரைத் தரப்பின் பிழை. பிழை செய்தவரே இடப்பணத்தை ஈடுகட்ட வேண்டும் என்பதில் தயவு காட்டத் தேவையில்லை.

குலுக்கலும் அதற்குப் பிறகும்

ஸ்லாட் எண்ணும் தொடக்க வரிசை எண்ணும் ஒன்றல்ல. பத்தில் ஓர் இடம் உங்களுடையது என்பதால், நீங்கள் விரும்பிய மூலையில் உங்கள் குதிரை நிற்கும் என்று பொருள் இல்லை. வரிசை பிறகு குலுக்கலில் முடிவாகும். வட்டத் தடத்தில் உட்புறத்தை ஒட்டி நிற்பதற்கு ஓடும் தூரம் குறைவு, வெளிப்புறத்தில் நிற்பது வளைவுதோறும் கூடுதலாக ஓட வேண்டும். ஆகவே குலுக்கலுக்கு முன் பேசிய பங்கு, குலுக்கலுக்குப் பின் ஒரு தரப்புக்குக் கசக்கும். குலுக்கல் எப்படி விழுந்தாலும் பங்கு மாறாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இடத்தை மறுவிற்பனை செய்யலாமா, ஓர் ஆண்டுக்கு மட்டும் குத்தகைக்கு விடலாமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். எவரெஸ்ட் பந்தயத்தில் தொடக்கத்தில் இடங்கள் மூன்றாண்டுக் கணக்கில் கொடுக்கப்பட்டன. நீண்ட காலம் எடுப்பவருக்கு உரிமை உறுதி. ஆனால் பந்தயத்தின் மதிப்பு விழுந்தால் அந்த வீழ்ச்சியும் அவர் தலையில்தான். பெகாசஸ் உலகக் கோப்பையின் கதை இதற்குச் சான்று: முதல் ஆண்டில் 10 லட்சம் டாலர் கொடுத்து இடம் பிடித்த அந்தப் பந்தயத்தில், 2020-க்குள் நுழைவுப் பணமே கைவிடப்பட்டது, பரிசுத் தொகையும் 30 லட்சம் டாலராகச் சுருங்கியது. பர்மிட்டுக்கு மதிப்பு இருப்பது பர்மிட் தேவைப்படும்வரைதான்.

பந்தயம் முடிந்தபின் பரிசுப் பணம் யார் கைக்கு முதலில் போகிறது என்பதைக் கவனியுங்கள். குதிரைக்காரரின் கணக்குக்குப் போய், அங்கிருந்து இடத்துக்காரருக்கு வர வேண்டும் என்றால் நாள் கடக்கும், பேச்சு மாறும். ஒப்பந்த நகலைப் பந்தயம் நடத்துபவரிடம் முன்கூட்டியே கொடுத்து, அவரவர் பங்கை அவரவர் கணக்கில் நேராகப் போடும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால், குதிரை வண்டியில் பூட்டப்படும் முன்பே இரு தரப்பும் நம்பும் ஒரு தணிக்கையாளரின் கணக்கை அதற்கென ஏற்பாடு செய்துவிடுங்கள்.